ஸ்கூட்டி மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 29. ஒரே வருஷத்தில் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இரண்டுமே எட்டாவது வாரம், ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். ஸ்கூட்டி ஓட்டியதால்தான் என்கிறார் மாமியார். டார்ச் டெஸ்டில் ஐஜிஜி பாசிடிவ் என்று வந்திருக்கிறது. மருந்து சாப்பிட வேண்டுமா? வேறு என்ன டெஸ்ட் எடுக்கலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் ஸ்கூட்டி பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். வண்டி ஓட்டியதாலோ மாடிப்படி ஏறியதாலோ எட்டு வாரக் கரு கலையாது. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் எண்ணிக்கை தவறிப்போவதால்தான், அது கரு உண்டாகும்போதே நடந்துவிடுகிற விஷயம்.

டார்ச் என்பது கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ருபெல்லா போன்ற சில கிருமிகளுக்கான ரத்த டெஸ்ட், அந்த ரிப்போர்ட்டை மூடி வையுங்கள். அதில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் பாசிடிவ் என்றால் என்றைக்கோ அந்தக் கிருமி வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான், மருந்து வேண்டாம். திரும்பத் திரும்பக் கலைவதற்கு அது காரணமும் இல்லை, ஆனாலும் இந்த டெஸ்டை எழுதிக் கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் போகமாட்டேன் என்கிறது.

உங்களுக்கு முக்கியமானது ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை. ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்ட எதிர்ப்புப் புரதங்களைப் பார்ப்பது, மூன்று டெஸ்ட் சேர்ந்தது. கலைந்து ஆறு வாரமாவது போன பிறகு எடுங்கள், பாசிடிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிடிவ் என்றால்தான் அதை நம்பலாம். அப்படி உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் நன்றாகவே கைகொடுக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போட்டார்களே என்று நீங்களாக அந்த ஊசியைக் கேட்காதீர்கள்.

கூடவே தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கர்ப்பப்பைக்குள் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று பார்க்க 3டி ஸ்கேன். அப்புறம் உங்கள் கணவர் எங்கே? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குரோமோசோம் பரிசோதனை தேவைப்பட்டால் இருவருக்கும்தான் எடுக்க வேண்டும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்தால் பயப்படாதீர்கள், பாதிப் பேருக்கு அப்படித்தான் வரும், அவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே குழந்தை பிறக்கிறது. ஒருவேளை மறுபடி கலைந்தால் கருத்திசுவைக் குரோமோசோம் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடாமல் சலைனில் (உப்புக் கரைசலில்) போட்டு அனுப்ப வேண்டும் என்பதையும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள்.