டேபிள் பெயர்களை யாரிடம் கேட்பது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பைதானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் எல்லா மாடல்களையும் (டேபிள்களைக் குறிக்கும் பைதான் கிளாஸ்களை) ஒரு லூப்பில் எடுத்து டேபிள் பெயர்களை அச்சிட்டேன். டேட்டாபேஸில் கண்ணெதிரே இருக்கும் சில டேபிள்கள் பட்டியலில் வரவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் கேட்டது ஜாங்கோவிடம். அது தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. ஃபிரேம்வொர்க்குக்குத் தெரிந்த டேபிள்கள் ஒரு பட்டியல், டேட்டாபேஸில் நிஜமாக இருப்பவை இன்னொரு பட்டியல். இந்தத் தலைப்பில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவைதான்.

மாடல்கள் வழியாகப் போனால் என்னென்ன விடுபடும்? மெனி-டு-மெனி உறவுக்காக ஜாங்கோ தானே உருவாக்கும் இணைப்பு டேபிள்கள் வராது. மாடல்களைக் கேட்கும்போது 'இன்க்ளூட் ஆட்டோ கிரியேட்டட்' என்ற ஆப்ஷனை ட்ரூ என்று கொடுத்தால் அவையும் சேரும். மைகிரேஷன் (மாடல் மாற்றங்களை டேட்டாபேஸில் செயல்படுத்தும் படிகள்) வரலாற்றை வைத்திருக்கும் டேபிள் அப்போதும் வராது, ஏனென்றால் அதன் மாடல் உங்கள் ப்ராஜெக்டின் ஆப்களோடு பதிவாவதில்லை. எப்போதோ நீக்கிவிட்ட ஒரு ஆப் விட்டுச்சென்ற டேபிள்கள், வேறு நிரல் உருவாக்கியவை, கையால் எஸ்க்யூஎல் எழுதி உருவாக்கியவை எதுவும் வராது. எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. ப்ராக்ஸி மாடல் (வேறொரு மாடலின் டேபிளையே பயன்படுத்தும் மாடல்) இருந்தால் ஒரே டேபிள் பெயர் இரண்டு தடவை வரும். மைகிரேட் செய்யாத மாடல் என்றால், இல்லாத டேபிளின் பெயரே பட்டியலில் வந்து நிற்கும்.

டேட்டாபேஸிடமே கேட்க, கனெக்ஷன் ஆப்ஜெக்டின் இன்ட்ரோஸ்பெக்ஷன் (டேட்டாபேஸின் அமைப்பை ஆராயும்) பகுதியில் 'டேபிள் நேம்ஸ்' என்ற மெத்தட் இருக்கிறது. வியூக்களும் (டேபிள் போலத் தெரியும், சேமித்து வைத்த குவரிகள்) வேண்டுமென்றால் 'இன்க்ளூட் வியூஸ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதே இடத்தில் 'ஜாங்கோ டேபிள் நேம்ஸ்' என்று இன்னொன்றும் உண்டு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஏமாறாதீர்கள், அது தருவது மாடல்களின் பட்டியலை. ஆனால் இரண்டையும் ஓட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள். யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் டேபிள்கள் வெளியே வரும் (மைகிரேஷன் வரலாற்று டேபிளும் கூடவே வரும், அது ஜாங்கோவுடையதுதான்). பழைய ப்ராஜெக்ட் ஒன்றைக் கையில் எடுப்பவர்கள் முதலில் இதைச் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலில், டாக்ட்ரின் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் ஸ்கீமா மேனேஜர் வழியாக டேபிள் பெயர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்கிரேட் செய்ததும் அந்த மெத்தடே இல்லை என்கிறது.

பதில்: லாராவெல் 11-இல் டாக்ட்ரின் சார்பு முழுக்க எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது லாராவெலின் சொந்த ஸ்கீமா ஃபசாடிலேயே வேலை முடிந்துவிடும். 'கெட் டேபிள்ஸ்' என்றால் ஒவ்வொரு டேபிளின் விவரங்களும் வரும், 'கெட் டேபிள் லிஸ்டிங்' என்றால் பெயர்கள் மட்டும். 12-க்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதில் பெயர்களுக்கு முன்னால் ஸ்கீமாவின் (டேபிள்களைத் தொகுக்கும் பிரிவின்) பெயரும் புள்ளியும் இயல்பாகவே ஒட்டிக்கொண்டு வரும். பழையபடி வெறும் பெயர் வேண்டுமென்றால் 'ஸ்கீமா குவாலிஃபைட்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். பெயரை வைத்து ஒப்பிடும் கோட் எங்கேயாவது இருந்தால் இந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் தவறிவிடும்.

கேள்வி: ரூபி மொழியின் ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கில்?

பதில்: ரெயில்ஸின் டேட்டாபேஸ் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டின் கனெக்ஷனில் 'டேபிள்ஸ்' என்று கூப்பிட்டால் போதும். வியூக்களும் சேர வேண்டுமென்றால் 'டேட்டா சோர்சஸ்'. நீங்கள் உருவாக்காத இரண்டு பெயர்கள் அதில் தெரியும். ஒன்று மைகிரேஷன் பதிவு, மற்றொன்று ரெயில்ஸ் தன் சூழல் விவரத்தை வைத்துக்கொள்ளும் டேபிள். இரண்டையும் தொடாதீர்கள்.

கேள்வி: எதற்கு இத்தனை மெத்தட்கள்? டேபிள் விவரங்களை வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் ஒரு எஸ்க்யூஎல் எழுதினால் எல்லா டேட்டாபேஸிலும் ஓடாதா?

பதில்: ஓடாது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவற்றில் அது உண்டு. எஸ்க்யூலைட்டிலும் ஆரக்கிளிலும் கிடையாது. எஸ்க்யூலைட்டில் 'எஸ்க்யூலைட் மாஸ்டர்' என்ற டேபிளைப் பார்க்க வேண்டும், ஆரக்கிளில் 'யூசர் டேபிள்ஸ்'. இருக்கும் இடத்திலும் அர்த்தம் மாறும்: மைஎஸ்க்யூஎல்லில் ஸ்கீமா என்றால் டேட்டாபேஸேதான், போஸ்ட்கிரஸில் அது டேட்டாபேஸுக்கு உள்ளே இருக்கும் ஒரு பிரிவு. வடிகட்டாமல் கேட்டால் மைஎஸ்க்யூஎல் உங்கள் கணக்குக்கு அனுமதி உள்ள எல்லா டேட்டாபேஸ்களின் டேபிள்களையும் கொண்டுவந்து கொட்டிவிடும். ஃபிரேம்வொர்க்கின் மெத்தடுக்குள் இந்த வேறுபாடுகளை ஏற்கெனவே ஒருவர் கவனித்து எழுதியிருக்கிறார். அந்த உழைப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணினியில் எல்லா டேபிளும் வருகிறது. சர்வரில் பட்டியல் காலியாக இருக்கிறது. போஸ்ட்கிரஸ்தான்.

பதில்: கோடைத் திருத்தும் முன் அதே கனெக்ஷனில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இப்போதைய டேட்டாபேஸ் எது, எந்தப் பயனராக நுழைந்திருக்கிறோம், சர்ச் பாத் (பெயரைத் தேடும் ஸ்கீமாக்களின் வரிசை) என்ன. வேறு டேட்டாபேஸில் போய் நிற்பது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். டேபிள்கள் வேறு ஸ்கீமாவில் இருந்து, அந்த ஸ்கீமா சர்ச் பாத்தில் இல்லையென்றால் ஜாங்கோவின் இன்ட்ரோஸ்பெக்ஷன் அவற்றைக் காட்டாது. அனுமதியும் காரணமாகலாம். இன்ஃபர்மேஷன் ஸ்கீமா உங்களுக்கு ஏதாவது உரிமை உள்ள டேபிள்களை மட்டுமே காட்டும், போஸ்ட்கிரஸின் சொந்தப் பட்டியலான 'பிஜி டேபிள்ஸ்' அப்படி மறைக்காது. உங்கள் டேபிள் ஒன்று 'பிஜி டேபிள்ஸ்' பட்டியலில் இருந்து இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இல்லையென்றால் அனுமதிப் பிரச்சினை என்று முடிவு செய்துவிடலாம்.

எஸ்க்யூலைட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபைலின் பாதை தவறாக இருந்தால் பல சமயம் எரர் வராது, அந்த இடத்தில் புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ் உருவாகிவிடும். முழுப் பாதையைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பைதானின் டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்க்யூஎல்-ஆல்கெமியில் மெட்டாடேட்டாவின் டேபிள்ஸ் காலியாக வருகிறது. எஞ்சினில் இருந்த 'டேபிள் நேம்ஸ்' மெத்தடும் காணோம்.

பதில்: மெட்டாடேட்டாவில் இருப்பது பைதானில் நீங்கள் அறிவித்தவை மட்டும். மாடல் ஃபைலை இம்போர்ட் செய்யவில்லை என்றால் அது காலிதான். எஞ்சினின் மெத்தட் 2.0-இல் நீக்கப்பட்டது. இப்போது 'இன்ஸ்பெக்ட்' செய்து, கிடைக்கும் இன்ஸ்பெக்டரிடம் 'கெட் டேபிள் நேம்ஸ்' கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டர் விடையை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் டேபிள் உருவாக்கிய பிறகு புதிய இன்ஸ்பெக்டர் எடுங்கள்.

கேள்வி: பயனர் டிராப்டவுனில் ஒரு டேபிளைத் தேர்ந்தெடுத்தால் அதன் வரிசைகளைக் காட்ட வேண்டும். டேபிள் பெயரை பாராமீட்டராக அனுப்பினால் சின்டாக்ஸ் எரர் வருகிறது. ஸ்ட்ரிங்கில் ஒட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து ஒட்டாதீர்கள். பாராமீட்டர் என்பது மதிப்புகளுக்கு மட்டும். எந்த டேபிள் என்று தெரியாமல் டேட்டாபேஸால் குவரியைத் திட்டமிடவே முடியாது, அதனால்தான் அந்த எரர். ஆனால் டிராப்டவுனில் நாம் கொடுத்த பெயர்தானே திரும்பி வரும் என்று நம்பக்கூடாது. ரிக்வெஸ்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், அது நேராக எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனில் (வெளியாள் தன் கட்டளையை நம் குவரிக்குள் நுழைப்பதில்) போய் முடியும்.

வந்த பெயர் அனுமதித்த பட்டியலில் அப்படியே இருக்கிறதா என்று சர்வரில் சரிபாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பட்டியலுக்கு இன்ட்ரோஸ்பெக்ஷன் தரும் முழுப் பட்டியலைப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் பயனர் கணக்குகளின் டேபிள் இருக்கும், பாஸ்வேர்ட் ஹாஷ்கள் அதற்குள் இருக்கும். செஷன் டேபிளும் இருக்கும். நாளைக்கு யாரோ சேர்க்கும் புதிய டேபிளும் தானாகத் திறந்துவிடும். காட்டலாம் என்று நீங்கள் முடிவு செய்த டேபிள்களைக் கையால் எழுதி வையுங்கள். பயனருக்குத் தெரிவது ஒரு சாதாரணக் குறிச்சொல்லாக இருக்கட்டும், அதற்குரிய நிஜப் பெயரை சர்வர் எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பட்டியலில் ஒவ்வொரு டேபிளுக்கும் பக்கத்தில் எத்தனை வரிசைகள் என்றும் காட்டலாமா?

பதில்: தோராயம் போதுமென்றால் காட்டலாம். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி டேபிள்களுக்கு இன்ஃபர்மேஷன் ஸ்கீமா தரும் எண்ணும், போஸ்ட்கிரஸின் 'ரெல்டப்பிள்ஸ்' எண்ணும் மதிப்பீடுகளே. போஸ்ட்கிரஸ் 14 முதல், வேக்கம், அனலைஸ் என்ற பராமரிப்பு வேலைகள் இரண்டும் இன்னும் ஓடாத டேபிளுக்கு -1 என்று வரும், அதை அப்படியே திரையில் காட்டிவிடாதீர்கள். துல்லியம் வேண்டுமென்றால் கவுன்ட் ஓட்டத்தான் வேண்டும். பெரிய டேபிள்களில் அது நேரம் பிடிக்கும், அதனால் பக்கம் திறக்கும்போதே எல்லாவற்றுக்கும் ஓட்டாமல், பயனர் ஒரு டேபிளைக் கேட்கும்போது அதற்கு மட்டும் ஓட்டுங்கள்.