எட்டாதது காலா, எடையா?

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் பைக்கை ஷோரூமில் பார்க்கப் போய்த் தடுமாறிவிட்டு, என் உயரத்துக்கு அதுவா, ஹீரோ ஸ்பிளெண்டரா என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டியாரை விட்டுவிட்டு ஸ்பிளெண்டரை எடுங்கள். 155 செ.மீ. உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டியதில்லை. இடது கால் ஊன்றி, வலது கால் பிரேக்கில் இருந்தால் போதும்.

மீட்டியார் 350-இன் இருக்கை உயரம் 765 மி.மீ., ஸ்பிளெண்டர் பிளஸ் 785. கால் எட்டுவதில் மீட்டியார்தான் முந்துகிறது. ஆனால் அது 191 கிலோ, இது 112. ஷோரூமில் வண்டி சாய்ந்தபோது நீங்கள் தடுமாறியதற்கு எடைதான் காரணமாக இருக்கும். உயரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

செருப்போடு போகாமல், ஓட்டப்போகும் ஷூவோடு மறுபடி போய், ஸ்பிளெண்டரில் இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

1. பக்கவாட்டு ஸ்டாண்டிலிருந்து தனியாக நிமிர்த்துங்கள். விற்பனையாளர் பிடிக்க வந்தால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.
2. உட்கார்ந்தபடியே நாலடி பின்னுக்குத் தள்ளுங்கள்.
3. ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். மறுகை எட்டாமல் தோள் இழுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

கால் எட்டுவதற்காகப் பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தித் தருவதாகச் சொல்லும் மெக்கானிக்கிடம் தலையாட்டாதீர்கள். வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் தட்டும். ஸ்டாண்டில் வண்டி நேராக நின்று, லேசாக இடித்தாலே மறுபக்கம் விழும். தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர் என்றால் மட்டும் ஸ்பிளெண்டர் திணறும். அப்போது 125 சிசி வண்டிகளில் இதே சோதனையைச் செய்யுங்கள்.