பிக்கப் இன்ஜினில் கரி: வீட்டில் எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘என்னிடம் இருப்பது 2012 மாடல் டீசல் பிக்கப். 2500 சி.சி., டர்போ, பி.எஸ்.3 புகை விதிப்படி வந்தது. மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். ஆறு மாதமாகப் பாச்சலூர் ஏற்றத்தில் இழுவை இல்லை, மிதித்தால் கரும்புகை தள்ளுகிறது. லிட்டருக்கு 13 கொடுத்த வண்டி இப்போது 10தான் கொடுக்கிறது. கரி கட்டியிருக்கிறது, இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றணும் என்கிறார் மெக்கானிக். இன்ஜினை ஓடவிட்டு காற்றுக் குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் கரி தானாக வந்துவிடும் என்கிறார் நண்பர். வீட்டிலேயே நானே சுத்தம் செய்ய முடியுமா?’

முடியும், பாதி வேலையை. ஆனால் முதலில் நண்பர் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 625 சி.சி. கம்ப்ரஷன் விகிதம், அதாவது காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 18க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சுகிற இடம் ஏறக்குறைய 37 மில்லி. அரை டீ கிளாஸ்கூட இல்லை. அதைவிட அதிகமாகத் தண்ணீர் ஒரே சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் மேலே வர வழியில்லை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் இன்ஜினில் சிலர் இதைச் செய்து தப்பித்திருக்கிறார்கள். அங்கே கம்ப்ரஷன் பாதிதான், மேலே மிஞ்சும் இடமும் அதிகம். அந்தக் கதையை டீசலுக்குக் கொண்டுவரக் கூடாது.

தண்ணீருக்குப் பதில் பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்ப்ரே என்று எதையும் ஓடும் டீசல் இன்ஜினின் காற்று வழியில் அடிக்காதீர்கள். டீசல் இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே போகும் எரிபொருளின் அளவு மட்டுமே. காற்றோடு எரிபொருளும் சேர்ந்து வந்தால் இன்ஜின் தானாக ரேஸ் ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

இனி கரி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு இ.ஜி.ஆர். உள்ளே எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக வைத்தது. அந்தப் புகையோடு கரித்தூளும் வருகிறது. இன்னொரு பக்கம் பிரீத்தர் குழாய் வழியாக இன்ஜின் ஆயிலின் ஆவி அதே காற்று வழிக்குள் வருகிறது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கண்மை செய்வார்களே, அதுதான் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் நடக்கிறது. உங்கள் வண்டி மாதிரியே மார்க்கெட் லோடு ஓடும் ஒரு பிக்கப்பை அண்மையில் திறந்தேன். என் கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரல் போகவில்லை. பளபளவென்று கருப்பாக, வெளிப்பக்கம் மை போலவும் உள்ளே தார் போலவும் இருந்தது. காற்று போதாமல் போனால் டீசல் முழுதாக எரியாது. கரும்புகையும் இழுவைக் குறைவும் அதனால்தான்.

இதை டீசல் டேங்கில் ஊற்றும் எந்த மருந்தும் சுத்தம் செய்யாது. டீசல், அதைப் பீய்ச்சும் நாசில் வழியாக நேரே சிலிண்டருக்குள் போகிறது, மேனிஃபோல்டைத் தொடுவதே இல்லை. நல்ல அடிட்டிவ் நாசில் முனையில் படிந்ததைக் கொஞ்சம் கரைக்கும், அவ்வளவுதான்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். டர்போவிலிருந்து மேனிஃபோல்டு வரைக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவி, அடிப்பக்கம் ஆயில் கசிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸில் ஒரு விரிசல் இருந்தாலே நீங்கள் சொன்ன அத்தனை அறிகுறிகளும் வரும். சில நூறு ரூபாயில் முடியும் வேலைக்கு ஹெட்டை இறக்கியவர்கள் உண்டு. மூன்றாவதாக, இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குப்குப்பென்று புகை அடித்து மூடியையே தள்ளினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் மேனிஃபோல்டை எத்தனை முறை கழுவினாலும் மறுபடி அடைக்கும். உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரஷன் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றும் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு ஆரம்பிக்கலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸையும் ஒயரையும் பிரிக்குமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இ.ஜி.ஆர். வால்வு சில போல்ட்டில்தான் நிற்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின இரவே துரு எண்ணெய் அடித்து வையுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து வேலை இரண்டாகும். வால்வின் உலோகப் பாகத்தை மட்டும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவையுங்கள். மேலே இருக்கும், வால்வை இயக்கும் வேக்கம் டயஃப்ரம், மின் மோட்டார் எதுவும் நனையக் கூடாது. கெட்டிக் கரியை மூங்கில் குச்சியால் சுரண்டி, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். திருப்புளியால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழும். பிறகு அது மூடியிருந்தும் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தமானதும் மூடிய நிலையில் கொஞ்சம் டீசல் ஊற்றிப் பாருங்கள். குடுகுடுவென்று ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும்.

மேனிஃபோல்டைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். டீசலில் ஒரு இரவு ஊறினால் தார் போன்ற கரி இளகிவிடும். அது அலுமினியம், அதனால் காஸ்டிக் சோடா பக்கம் போகவே கூடாது. பட்டறையில் இரும்புப் பாகங்களை அதில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியத்தை அது அரித்துத் தின்றுவிடும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். திரும்ப மாட்டும்போது பழைய பேக்கிங்கைப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

கழற்றியதும் ஹெட்டில் தெரியும் துளைகளைத் துணியால் அடைக்க வேண்டும். துணிகளை எண்ணி ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் மாட்டி வையுங்கள். நான் தொழில் பழகிய பட்டறையில் நான்கு துணிகளில் ஒன்றை எடுக்க மறந்து மாட்டிவிட்டோம். ஸ்டார்ட் செய்த கணமே இன்ஜின் அதை உறிஞ்சி வால்வில் சிக்கவைத்தது. கழற்றத் தேவையே இல்லாத ஹெட்டை அன்று கழற்றினோம். அதுபோல ஹெட்டின் துளைகளுக்குள் இருக்கும் கரியையும் சுரண்டாதீர்கள். வால்வு திறந்திருக்கும் சிலிண்டருக்குள் கெட்டித் துண்டு விழுந்துவிடும்.

கையுறை, முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. காய்ந்த கரியைக் காற்றடித்து ஊதாமல் ஈரமாகவே துடைத்தெடுங்கள். கழுவிய டீசலை வாய்க்காலில் கொட்டாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நாசிலை வீட்டில் தொடாதீர்கள். அதன் துளை தலைமுடி அளவுதான். கம்பி விட்டுக் குத்தினால் டீசல் பீய்ச்சும் விதமே மாறிவிடும். அதன் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். பம்ப் ஷாப்பில் கொடுத்து டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மாட்டும்போது புது காப்பர் வாஷர்.

இனி நீங்கள் கேட்காத ஒரு கேள்வி: இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத தெர்மோஸ்டாட் உங்கள் வண்டியில் இருக்கிறதா? வெயில் ஊர், சூடேறும் என்று பழைய வண்டிகளில் அதைக் கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் நிறைய. இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் வந்தால்தான் டீசல் சரியாக எரியும். மார்க்கெட் வண்டிகளோ பல நாள் ஐந்து, பத்து கிலோமீட்டர் மட்டும் ஓடி, லோடு ஏறும் வரை ஐடிலில் நிற்கின்றன. தெர்மோஸ்டாட்டும் இல்லையென்றால் இன்ஜின் சூடாவதே கிடையாது. பல வண்டிகளில் கரிக்கு முதல் காரணமாக நான் பார்த்தது இதைத்தான். சூடு முள் பாதிக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று நாளைக்கே கவனியுங்கள். இ.ஜி.ஆரை பிளேட் வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது கரியைக் குறைக்கும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடை ஊரார் மூச்சில் கலக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாம் மாட்டியதும் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஹோஸ் இணைப்புகளில் உஸ்ஸென்று காற்று கசிகிறதா என்று கேளுங்கள். பிறகு பாதி லோடோடு பழனி ரோட்டில் அரை மணி நேரம், வழக்கத்தைவிட ஒரு கியர் குறைவாக ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ரேஸ் கொடுப்பதில் பயனில்லை. லோடு இருந்தால்தான் உள்ளே சூடு ஏறி, ஒட்டாமல் இருக்கும் கரி எரிந்து வெளியேறும். முதல் சில கிலோமீட்டர் புகை தள்ளும், பயப்பட வேண்டாம். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும் நாளிலும் இன்ஜினை நன்றாகச் சூடாக்கிய பிறகே புகை மீட்டரில் நிறுத்துங்கள். உங்கள் பி.எஸ்.3 வண்டிக்கு புகை அடர்த்தியின் வரம்பு 65 எச்.எஸ்.யு. (மீட்டரின் அளவு அலகு). இன்ஜின் ஆறியதும் மேனிஃபோல்டு போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள், அடுத்த ஏர் ஃபில்டர் மாற்றும்போது இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.