இறுதிப் போட்டி முடிந்ததும் பத்திரமாக வெளியேறுவது எப்படி?

கேள்வி: எங்கள் நகரில் நடக்கும் கால்பந்து இறுதிப் போட்டிக்கு ஒன்பது வயது மகனையும் எழுபது வயது அம்மாவையும் அழைத்துப் போகிறேன். போன முறை ஆட்டம் முடிந்ததும் போலீஸார் சாலையை மறித்து அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். முன்கூட்டியே கிளம்பிவிடலாமா? எங்கள் அணி ஜெயித்தால் மறுநாள் வெற்றி ஊர்வலத்துக்குப் போகலாமா?

பதில்: ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளம்பலாம். இல்லையென்றால் முடிந்த பிறகு அரை மணி நேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம். விசில் ஊதிய கையோடு எழுந்து போவதை மட்டும் செய்யாதீர்கள். அம்மா கூட வருவதால் காத்திருப்பதே மேல் என்பேன். கடைசி நிமிட கோலைப் பார்க்கவிடாமல் இழுத்து வந்தால் மகன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான், அதுவும் இருக்கிறது.

சாலையை ஏன் மறிக்கிறார்கள்? உள்ளே வரும்போது கூட்டம் இரண்டு மூன்று மணி நேரமாகச் சிறுகச் சிறுக வருகிறது. வெளியேறும்போதோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம். பந்தோபஸ்து போடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலியே அதுதான். 1971 ஜனவரி 2 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஐப்ராக்ஸ் கால்பந்து மைதானத்தில், ஆட்டம் முடிந்து ஒரு படிக்கட்டில் இறங்கியவர்களில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். அடிதடியும் இல்லை, கலவரமும் இல்லை. முன்னால் சிலர் விழுந்தது தெரியாமல் பின்னால் வந்தவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

ரயில் நிலைய வாசலில் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தி விடுவதும் இதற்காகத்தான். உள்ளே நடைமேடை காலியானால்தான் வெளியே தடுப்பு நகரும். தடுப்புக்கு அருகில் நிற்கும் காவலர் தானாக அதைத் திறக்க முடியாது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கிடாக்கியில் உத்தரவு வர வேண்டும். "ஏன் விடமாட்டேங்கிறீங்க?" என்று அவரிடம் மல்லுக்கு நிற்பதைவிட, "எந்தப் பக்கம் சார் திறந்திருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

அதற்காகப் போலீஸ் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில், ஆட்டம் முடிந்து ரசிகர்கள் களத்துக்குள் இறங்கியபோது, கேலரியை நோக்கியும் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள். மைதானத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. மூச்சுத் திணறிய கூட்டம் குறுகலான வாயில்களில் போய் முட்டியது. 135 பேர் இறந்தார்கள். எனவே புகை கிளம்பினால், எல்லோரும் ஓடும் வாயிலுக்கே நீங்களும் ஓடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, உயரத்தில் காலியாக இருக்கும் வரிசைக்கு நகருங்கள். கண்ணைத் தேய்க்காமல் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

நெரிசல் ஆபத்தாக மாறுவதை முன்னாடியே கண்டுபிடிக்கலாம். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை என்றால் நகர இடமிருக்கும். ஐந்தைத் தாண்டினால் கால் போகும் திசை உங்கள் கையில் இல்லை. அங்கே நின்று தலையை எண்ணவா முடியும்? கையைத் தூக்கி முகத்தைத் தொட்டுப் பாருங்கள். யாரையும் இடிக்காமல் தொட முடியவில்லை என்றால் அப்போதே விலகத் தொடங்குங்கள். எதிர்த்துத் தள்ள வேண்டாம். கூட்டத்தின் தள்ளல் அலைபோல வந்து தளரும் நேரம் பார்த்து, குறுக்காகச் சாய்ந்தாற்போல ஓரம் நோக்கி நகருங்கள். ஆனால் சுவரையோ இரும்புத் தடுப்பையோ ஒட்டி நிற்காதீர்கள், மொத்த அழுத்தமும் அங்கேதான் சேரும். இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும். நெரிசலில் பலர் இறப்பது மிதிபட்டு அல்ல, நின்ற நிலையிலேயே மூச்சு முட்டித்தான். செருப்போ போனோ விழுந்தால் போகட்டும், குனியாதீர்கள்.

மகனை அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள். பிரிந்துவிட்டால் சேரும் இடத்தை வாயில் பக்கம் வைக்காதீர்கள், அது மூடப்படலாம். நெட்வொர்க் நெருக்கடியில் அழைப்பு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போக வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஊர்வலம். போட்டிக்காவது டிக்கெட் கணக்கு உண்டு, ஊர்வலத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. 2025 ஜூன் 4 அன்று, ஐபிஎல் கிரிக்கெட் கோப்பையை வென்ற ஆர்சிபி அணியின் வெற்றிக் கொண்டாட்டத்துக்குத் திரண்ட கூட்டத்தில், பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே 11 பேர் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். சுமார் 35,000 பேர் அமரும் இடத்துக்கு அதைப்போலப் பல மடங்கு கூட்டம் வந்தது. ஊர்வலம் உண்டா இல்லையா என்பதிலேயே அன்று குழப்பம். உங்கள் நகரில் வழி, நேரம், நுழைவு விதி மூன்றையும் போலீஸும் அணி நிர்வாகமும் முந்தின நாளே ஒன்றுபோல அறிவித்திருந்தால், மகனை மட்டும் கூட்டிக்கொண்டு, தொடக்கமோ முடிவோ இல்லாத நடுவழியில் அகலமான ஓர் இடத்தில் நின்று பாருங்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று அறிவிப்பு மாறினால் டிவியில் பார்ப்பதோடு சரி.