இம் நின்அலு: தகர டின்னில் தாளம் போட்ட பிரார்த்தனை

"ஏதாவது ஒரு சமூகத்து மக்கள் வீட்டு விசேஷங்களில் பாடிவந்த பக்திப் பாடல், உலகம் முழுக்க பாப் ஹிட் ஆனதுண்டா? ஆனதென்றால் எப்படி?" என்பது கேள்வி.

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருவது ‘இம் நின்அலு’. ஏமன் நாட்டு யூதர்களின் பாடல். 1988இல் ஐரோப்பா முழுக்க டிஸ்கோக்களில் ஓடியது, மேற்கு ஜெர்மனியில் பல வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பாடியவர் ஓஃப்ரா ஹாசா.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஒரு கலவைக் கேசட்டில்தான் நான் இதை முதலில் கேட்டேன். தாளம், வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண்குரல் மட்டும் எழும். அப்புறம்தான் டிரம்ஸ் வந்து விழும். நாங்கள் டிரம்ஸுக்காகக் காத்திருப்போம். பாட்டிக்கு அந்த ஆரம்பம்தான் பிடிக்கும். "விருத்தம் பாடுற மாதிரி இருக்குடா" என்றார். மொழி தெரியாமலே அவர் சரியாகப் பிடித்துவிட்டார் என்பது எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயின.

பாடலை எழுதியவர் ஷலோம் ஷபசி. 1619இல் பிறந்தவர், ஏமன் யூதர்களின் மிகப் பெரிய கவிஞர். ரபி (யூத மதகுரு), கூடவே நெசவாளி. வள்ளுவரை நெசவாளர் என்று சொல்லும் மரபு நம்மிடமும் உண்டல்லவா, அதனால் இந்தத் தகவலைப் படித்தபோது எனக்கு அவர் மேல் தனி ஒட்டுதல் வந்துவிட்டது. எபிரேயத்தையும் அரபியையும் ஒரே பாட்டுக்குள் கலந்து எழுதுவார், கிட்டத்தட்ட நம் மணிப்பிரவாளம் போல. 1679இல் ஏமனின் இமாம் யூதர்களை ஊர்களிலிருந்து வெளியேற்றி, கடலோரத்தில் வெயில் கொளுத்தும் மவ்ஸா பகுதிக்கு அனுப்பினார். ஏராளமானோர் அங்கே செத்தார்கள். ஷபசி அந்தக் காலத்தை வாழ்ந்து பார்த்தவர், அதைப் பற்றிப் பாடியும் இருக்கிறார். தாயிஸ் நகரில் இருந்த அவருடைய கல்லறைக்கு யூதர்கள் மட்டுமில்லை, முஸ்லிம்களும் வேண்டுதலோடு வந்திருக்கிறார்கள்.

இம் நின்அலுவின் முதல் வரிக்கு இப்படிப் பொருள் சொல்லலாம்: கொடையாளர்களின் வாசல்கள் அடைத்துக்கிடந்தாலும், விண்ணின் வாசல்கள் அடைபடுவதில்லை. பிறகு பாட்டு மேலே மேலே போகும். கெருபீன்கள் என்ற வானதூதர்களுக்கு மேல் வீற்றிருக்கும் கடவுள், அவரது அரியணையைச் சுற்றி ஓடுவதும் திரும்புவதுமாக இருக்கும் உயிர்கள் என்று பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட காட்சி வரும். டிஸ்கோவில் ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்!

இந்தப் பாடல்களை ஏமன் யூதர்கள் ‘திவான்’ என்ற தொகுப்பில் வைத்திருந்தார்கள். ஓய்வுநாளிலும் கல்யாண வீட்டிலும் ஆண்கள் கூடி உட்கார்ந்து, ஒரு பக்கத்தார் ஒரு வரி பாட மறுபக்கத்தார் அடுத்ததைப் பாடுவார்கள். பஜனை மடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெண்களுக்கென்று வேறு பாட்டுகள் இருந்தன. அவை அரபியில், ஏட்டில் ஏறாமல், வாய்வழியாகவே வந்தவை.

வாத்தியம் கிடையாது. எருசலேமில் இருந்த யூதர்களின் பழங்காலக் கோயில் இடிந்ததற்கான துக்கத்தை அவர்கள் அப்படிக் கடைப்பிடித்தார்கள். ஆனால் தாளம் இல்லாமல் எப்படி ஆடுவது? கையில் கிடைத்த செம்புத் தாம்பாளத்தையும் தகர டின்னையும் தட்டினார்கள். அந்தத் தாளம் எத்தனை நுணுக்கமானது என்று கேட்டால்தான் தெரியும். சொம்பைக் கவிழ்த்துத் தட்டியே கச்சேரி நடத்திவிடும் மாமாக்கள் நம் வீடுகளிலும் இருந்திருக்கிறார்களே.

ஓஃப்ரா ஹாசா 1957இல் டெல் அவிவின் ஹதிக்வா பகுதியில் பிறந்தவர். ஏமனிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒன்பதாவது பிள்ளை, கடைக்குட்டி. ஏழைகள் வாழ்ந்த இடம். பாட்டு அம்மாவிடமிருந்து வந்தது. 1983இல் ஐரோப்பிய அளவிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ‘ஹாய்’ என்ற பாடலைப் பாடி இரண்டாமிடம் பெற்று, இஸ்ரேலில் முன்னணிப் பாடகியாகிவிட்டார். அப்படி உச்சத்தில் இருக்கும்போது 1984இல் முழுக்க முழுக்க ஏமன் பாடல்களையே வைத்து ஒரு ஆல்பம் போட்டார். பெற்றோருக்கான காணிக்கை அது. வியாபாரக் கணக்குப் போட்டவர்கள் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். தாம்பாளமும் டின்னும் அந்த ஒலிப்பதிவில் இருக்கின்றன. ஆண்கள் கூடிப் பாடிய திவான் பாடலை ஒரு பெண்குரல் உலகத்துக்குக் கொண்டுபோனது இப்படித்தான்.

சரி, அது எப்படி ஹிட் ஆனது?

அந்த ஆல்பம் பிரிட்டனில் ஒரு சிறிய நிறுவனம் வழியாக வெளிவந்தது. 1987இல் கோல்ட்கட் என்ற பிரிட்டிஷ் இருவர் குழுவினர், நியூயார்க்கின் எரிக் பி மற்றும் ரக்கிம் பாடிய ‘பெய்ட் இன் ஃபுல்’ ராப் பாடலை ரீமிக்ஸ் செய்தார்கள். அதன் நடுவே இம் நின்அலுவின் ஆரம்பத்தை வெட்டி ஒட்டினார்கள். ராப் பாடலுக்குள் திடீரென்று அந்தக் குரல். கேட்டவர்கள் "யார் இது?" என்று தேட ஆரம்பித்தார்கள். பிறகு இஸ்ரேலிய இசையமைப்பாளர் இஸ்ஹார் அஷ்டோத் டான்ஸ் தாளத்தோடு மூலப்பாடலையே மறுபடி அமைத்துக் கொடுக்க, 1988இல் அது ஐரோப்பாவைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனிலும் முதல் 20 இடங்களுக்குள் வந்தது.

அதிர்ஷ்டம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்படி ஒரு பாட்டின் துண்டை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவதை, அதாவது சாம்பிள் செய்வதை, தொழிலாகக் கொண்டவருக்குப் பெரிய தலைவலி, வெட்டி எடுக்கும் குரலுக்குப் பின்னால் கிதாரோ பியானோவோ ஒட்டிக்கொண்டு வருவதுதான். அது புதுத் தாளத்தோடு முட்டும். இந்தப் பாட்டின் தொடக்கத்தில் குரலைத் தவிர எதுவும் இல்லை. எந்தத் தாளத்தின் மேலும் அதைத் தூக்கி வைக்கலாம். வாத்தியத்தைத் துறந்த ஒரு மக்கள், தொண்டையில் சேர்த்து வைத்திருந்த நெளிவும் குழைவும் எல்லாம் அந்தச் சில விநாடிகளில் இருக்கின்றன. துக்கத்துக்காக விட்டுக்கொடுத்ததுதான் பல நூற்றாண்டுகள் கழித்து இந்தப் பாட்டுக்கு வழி திறந்தது என்று நான் மனதார நம்புகிறேன்.

ஓஃப்ரா ஹாசா 2000 பிப்ரவரியில், 42 வயதில் இறந்துவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ‘பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ படத்தில் மோசேயின் தாய்க்குக் குரல் கொடுத்து, அந்தத் தாய் பாடும் தாலாட்டை 17 மொழிகளில் பாடியிருந்தார். அதையும் தேடிக் கேளுங்கள்.

இம் நின்அலுவை இதுவரை கேட்டதில்லை என்றால், 1988 பதிவை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1984 பதிவு. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் நல்லது. தனிக்குரல் முடிந்து தாளம் சேர்ந்த பிறகு ‘ஏல் ஹாய்’ என்று வரும். உயிருள்ள கடவுளே என்று அர்த்தம். யூரோவிஷனில் அவர் பாடிய பாட்டின் தலைப்பும் உயிருள்ள என்று பொருள்படும் இதே ‘ஹாய்’தான். அந்த இடத்தில் பின்னால் கவனியுங்கள், தகரம் தட்டும் சத்தம் கேட்கும்.