பதில்: பாயா இண்டாவில் வாத்துப் படங்கள் தெளிவில்லாமல் குழைந்து வருவது ஏன்?

வணக்கம். மலேசியாவின் பாயா இண்டா சதுப்பு நிலத்தில் காலை 11 மணிக்கு, 600 மிமீ லென்ஸில் ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்தும் தூரத்துச் சீழ்க்கைச் சிறகி வாத்துகள் குழைந்து தெரிகின்றன, குள்ளத்தாரா என்ற சிறு வாத்தில் ஆணின் வெள்ளை இறகுகள் விவரமின்றி வெளுத்துப்போகின்றன என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸை மாற்ற அவசரப்படாதீர்கள்.

குழைவுக்குக் காரணம் பெரும்பாலும் வெப்ப அலைதான். வெயில் ஏறியதும் கரைமண் சூடாகி, அதன்மேல் காற்று நெளியும். ஷட்டர் வேகமோ அதிர்வுத் தடுப்போ இதைச் சரிசெய்யாது. 15 மீட்டரில் உள்ள தாமரை இலையை எடுத்துப் பாருங்கள். அது துல்லியமாக வந்தால் லென்ஸ் நலம், தூரம்தான் பகை. வாயில் திறந்ததும் உள்ளே போய் 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். சீழ்க்கைச் சிறகிகள் இரவில் மேய்பவை. பகலில் கூட்டமாக ஓய்வெடுக்கும், அதனால் காலையில் பொறுமையாக நெருங்கலாம். நேராக நடக்காமல் சாய்வாக நடங்கள். தலைகள் நிமிர்ந்தால் உடனே நில்லுங்கள்.

வெள்ளைக்கு வேறு காரணம். கருத்த நீரைப் பார்த்து கேமரா படத்தைப் பிரகாசமாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷர் திருத்தத்தை (பிரகாச அளவை) மைனஸ் 2/3 முதல் மைனஸ் 1 வரை குறைத்து, ரா கோப்பில் (கேமரா சுருக்காத மூலக் கோப்பில்) எடுங்கள். இருண்ட பகுதிகளைப் பிறகு மீட்கலாம். எரிந்துபோன வெள்ளை திரும்பாது.

ஏர்கோன் (குளிர்சாதனம்) போட்ட காரிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் கண்ணாடியில் பனி படியும். நம் ஊர் ஈரப்பதத்தில் இது நிச்சயம். மூடிய பையிலேயே அரை மணி நேரம் வெளியே வையுங்கள், அதுவரை லென்ஸைக் கழற்றவே கூடாது.

தாழ்ந்த கோணத்துக்காக நீரோரம் படுக்காதீர்கள். அங்கே முதலைகள் உண்டு.