சென்னையில் முதன்முதலாக உப்புநீர் மீன்தொட்டி வைக்கப் போகிறேன், எதில் தொடங்கலாம்?

நன்னீர் மீன் வளர்த்த அனுபவம் இருக்கிறது, 100 லிட்டர் தொட்டியும் தயார், அடுத்த வாரமே இரண்டு க்ளௌன் மீன் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தொட்டியில் இன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள், மீனை ஒன்றரை மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

நானும் நன்னீரிலிருந்து வந்தவன்தான். உப்புநீர் ஊற்றிய மூன்றாம் நாளே ஒரு ஜோடி க்ளௌன் வாங்கி விட்டேன். நான்கு நாள் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த வாரத்திலேயே இரண்டும் செத்துப்போயின. நோய் என்றுதான் நினைத்தேன், ஆனால் கொன்றது அம்மோனியா. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் போதுமான அளவு இருக்காது. நன்னீரிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் கடல்நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 8க்கு மேல் இருப்பதால் அதே அளவு அம்மோனியா இங்கே பல மடங்கு விஷமாகிறது.

அதனால் மீன் இல்லாமலே சைக்கிள் செய்யுங்கள், அதாவது அந்த பாக்டீரியாவை முதலில் வளர விடுங்கள். காய்ந்த பாறை, மணல், தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் போதும். பாட்டில் பாக்டீரியா ஊற்றி, 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியா போட்டு, டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொண்டே வாருங்கள். போட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் தொட்டி தயார். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நடுவில் எல்லாவற்றின் மேலும் பழுப்பாகப் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும்.

போர்வெல் தண்ணீர், மெரினா கடல்நீர் இரண்டும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி, ஆனால் வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ.வில் சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலக்கிற அமைப்பு இருக்கலாம். கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிடுங்கள், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 100 லிட்டருக்குச் சுமார் 4 கிலோ மெரைன் சால்ட் பிடிக்கும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது அடர்த்தி 1.025 அல்லது 1.026. இதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

சென்னையில் இதைவிடப் பெரிய பிரச்சினை வெயில். தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருப்பது நல்லது, மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் அது 32ஐத் தாண்டிவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் பணம் இல்லையென்றால் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படுகிற மாதிரி சின்ன ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். தினம் 2 லிட்டர் வற்றுகிறது, ஒரு வாரம் நீங்கள் கவனிக்கவில்லை என்றால் உப்பின் அளவு 35இலிருந்து 40ஐத் தாண்டிவிடும். குறைந்த அளவை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

ராமேஸ்வரம் போனால் பவளத்துண்டு எடுத்துவரலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தொடாதீர்கள். பவளப்பாறையும் கடல்குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, எடுத்தால் வழக்குதான். சட்டம் இருக்கட்டும், மன்னார் வளைகுடாவில் மிச்சமிருக்கும் பவளம் அங்கேயே இருக்க வேண்டும்.

மீன் வாங்கும்போதும் கொளத்தூர்க் கடைகளில் குஞ்சுபொரிப்பகத்தில் வளர்ந்த க்ளௌன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. கடலில் பிடித்ததைவிட இவை குருணைத் தீனிக்குச் சீக்கிரம் பழகும். முதலில் ஒரு ஜோடி போதும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். சூடான உப்புநீரில் ஆக்சிஜன் குறைவு, இரவில் கரண்ட் போனால் அது இல்லாமல் மீன் தாங்காது.